ஞாயிறன்று கடை திறக்கலாமா?

உழைப்பின் உயர்வைப் பற்றி நாம் மாணவர்க்கு நிறையக் கற்பிக்கிறோம். ஓய்வைப் பற்றிக் கற்பிப்பது குறைவு. ஓய்வு என்றதும் அதனைச் சோம்பலுக்கு உறவாக எண்ணிவிடும் மனப்போக்கு நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருவதே அதற்குக் காரணம் எனலாம். ஆயினும் ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கிறது என்பதைப் போலவே, அது எப்பொழுது, யாரோடு சேர்ந்து ஓய்கிறது என்பதும் அறத்தோடு தொடர்புடைய வினாவேயாகும்.

அவ்வினா இன்று நம் நாட்டின் சிறு பட்டணங்களில் மிக எளிய வடிவில் எழுந்துள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைகளைத் திறந்து வைத்தால் உள்ளூர் மக்கள் உள்ளூரிலேயே பொருள் வாங்குவார்கள், கடைத்தெரு பிழைத்துக்கொள்ளும் என்கின்றனர் ஒரு சாரார். வாரம் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் ஒருவனிடமிருந்து அந்த ஒரு நாளையும் வாங்கிக்கொள்வது முறையா என்று கேட்கின்றனர் மற்றொரு சாரார். பள்ளிகளில் பட்டிமன்றம் நடத்துவதற்கு ஏற்ற தலைப்பு இது. ஆனால் பட்டிமன்றத்தில் ஓர் அணி வெல்ல மற்றோர் அணி தோற்பதோடு காரியம் முடிந்துவிடும். வாழ்க்கையில் அப்படி முடிவதில்லை. இரு சாராரும் ஒரே தெருவில்தான் வாழவேண்டும். ஆகவே இரு பக்கத்து நியாயங்களையும் பொறுமையுடன் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில், ஞாயிறன்று கடை திறப்பது நமக்குப் புதியதன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தோட்டப்புற வாழ்க்கை செழித்திருந்த காலத்தில் வாரத்தின் ஆறு நாளும் பால்வெட்டும் பிற வேலைகளும் நடைபெறும். ஞாயிறு ஒன்றே பெரட்டுக்குப் போகவேண்டாத நாள். சம்பளம் போட்டபின் வரும் ஞாயிறன்று தோட்டத்து மக்கள் குடும்பம் குடும்பமாகப் பட்டணத்திற்குச் செல்வார்கள். மளிகைக் கடையில் பழைய பற்றைத் தீர்த்துப் புதிய சாமான் வாங்குவது, துணிக்கடையில் பிள்ளைகளுக்குச் சட்டை எடுப்பது, முடி திருத்திக்கொள்வது, படம் பார்ப்பது ஆகிய அனைத்தும் அந்த ஒரே நாளில் நடந்தாக வேண்டும். ஆகவே தோட்டங்களைச் சார்ந்திருந்த பட்டணங்களில் ஞாயிறுதான் வாணிகத்தின் உச்சநாள். தோட்டத்தான் ஓய்வதற்குக் கடைக்காரன் உழைத்தான். தன் ஓய்வை வேறொரு நாளில் அவன் தேடிக்கொண்டான். அல்லது தேடிக்கொள்ளாமலே விட்டுவிட்டான்.

அந்நிலை இன்று இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பயிர் மாறியும், வீடமைப்புத் திட்டங்களாகியும் போயின. மக்கள் பெருநகரங்களின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், பழைய சாலையை ஒட்டியிருந்த தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், தாப்பா போன்ற ஊர்களின் கடைத்தெருக்களைக் கடந்தே செல்லவேண்டும் என்ற தேவை பயணிகளுக்கு இல்லாது போயிற்று. அதே நெடுஞ்சாலை உள்ளூர்க்காரரையும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் விரைந்து இட்டுச் சென்றது. அங்குள்ள பேரங்காடிகள் ஞாயிறன்று காலை முதல் இரவுவரை விளக்கெரிய நிற்கின்றன. கூட்டம் குறைந்துவிட்ட சிறு பட்டணத்திலோ, ஞாயிறன்று பாதிக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடக்கின்றன. இந்தப் பின்னணியில்தான் கடையைத் திறக்கலாமா என்னும் கேள்வி பிறந்திருக்கிறது.

கடைக்காரரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் பொழுது சாய்ந்தபின்னரே வீடு திரும்புகின்றனர். அவர்களுக்குக் கடைக்குச் செல்லும் நேரம் வார இறுதியில்தான் கிடைக்கிறது. நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சனிக்கிழமை இரவு பெற்றோரைக் காண வந்து, ஞாயிறு மதிய உணவுக்குப்பின் திரும்பிவிடுகின்றனர். பெற்றோருக்குத் தேவையானவற்றை வாங்கித்தரும் எண்ணமும் பணமும் அவர்களிடம் உண்டு. அந்த வேளையில் கடை மூடியிருந்தால் அவர்கள் அடுத்த வாரம் வரும்பொழுது வழியிலுள்ள பேரங்காடியிலேயே எல்லாவற்றையும் வாங்கி வந்துவிடுவார்கள். ஒருமுறை அவ்வாறு பழகிய கால் மீண்டும் உள்ளூர்க் கடைப் படியை மிதிப்பது அரிது. கடை அழிந்தால் அங்கு வேலை செய்பவருக்கு ஞாயிறு மட்டுமன்றி ஏழு நாளும் ஓய்வாகிவிடும். அத்தகைய ஓய்வை யாரும் விரும்பமாட்டார்கள்.

எனினும் இவ்வாதத்தில் ஒரு கணக்கு விடுபட்டுப் போவதைக் காணலாம். ஓர் ஊரில் உள்ளவர்கள் ஒரு வாரத்தில் உண்ணும் அரிசியும் பருப்பும் ஓர் அளவுக்கு உட்பட்டவை. ஆறு நாளில் வாங்கியதை ஏழு நாளில் பிரித்து வாங்குவதால் அரிசி கூடுதலாக விற்பனையாகிவிடாது. விளக்குச் செலவும் ஆட்கூலியுமே கூடும். வெளியூருக்குப் போய்விடும் பணத்தில் ஒரு பகுதி ஊருக்குள் தங்கினால் மட்டுமே ஞாயிற்றுக் கடை ஊருக்கு ஆதாயம். துணிமணி, பள்ளிப் பொருள், விழாக்காலச் சாமான்கள் போன்றவற்றை வாங்கத்தான் மக்கள் பெரும்பாலும் வெளியூர் செல்கின்றனர். ஆகவே எந்தக் கடை, எந்த வேளையில், எதை விற்பதற்காகத் திறக்கிறது என்று பார்க்காமல், எல்லாக் கடையையும் எந்நேரமும் திற என்பது சிந்தித்துச் சொல்லும் யோசனையாகாது.

இனி, வேலை செய்பவரின் பக்கத்திற்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உரிமை. 1921ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் ஆலைத் தொழிலாளருக்கும், 1957ஆம் ஆண்டில் கடை, அலுவலக ஊழியருக்கும் இதனை ஓர் உடன்பாடாக வகுத்தது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 59ஆம் பிரிவின்வழி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வளிக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த நாள் எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அச்சட்டம் முதலாளியிடம் விட்டிருக்கிறது. எனவே ஞாயிறன்று ஒருவரைக் கடையில் நிறுத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமை ஓய்வு கொடுத்தால் சட்டம் நிறைவடைந்துவிடுகிறது.

சட்டம் நிறைவடைந்தபின்னும் மனம் ஏன் நிறைவடைவதில்லை? இங்குதான் ஓய்வின் தன்மையை நாம் சற்று ஊன்றி ஆராயவேண்டும்.

ஓய்வால் மனிதனுக்கு இரு பயன்கள் உண்டு. முதலாவது உடலின் களைப்பு நீங்குதல். இதற்கு எந்த நாளாயினும் போதும். செவ்வாயன்று உறங்கினாலும் ஞாயிறன்று உறங்கினாலும் கால்வலி ஒன்றுபோலவே தீரும். இரண்டாவது பயன், பிறரோடு கூடியிருத்தல். மனைவியோடு, பிள்ளையோடு, பெற்றோரோடு, நண்பரோடு, கோவிலிலும் சங்கத்திலும் திடலிலும் கூடுவதற்கு வாய்க்கும் நேரம் அது. இதற்கு ஒருவர்க்கு மட்டும் ஓய்விருந்தால் பயனில்லை. இருவர்க்கும் ஒரே வேளையில் ஓய்விருக்க வேண்டும். ஒருவன் தனக்கென வாங்கிக்கொள்ளக்கூடிய பொருளன்று இது. ஊர் கூடி வைத்திருக்கும் பொதுச்சொத்து.

ஆசிரியர்களாகிய நாம் இதனை அன்றாடம் காண்கிறோம். கடையில் வேலை செய்யும் தந்தைக்குச் செவ்வாயன்று ஓய்வு. பிள்ளைக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. பிள்ளை பள்ளியிலிருக்கும் நேரத்தில் தந்தை வீட்டிலிருக்கிறார். பிள்ளை வீட்டிலிருக்கும் நாளில் தந்தை கடையிலிருக்கிறார். இரவில் கடை சாத்திவிட்டு அவர் வருகையில் பிள்ளை உறங்கிப் போயிருக்கும். சட்டப்படி இருவருக்கும் ஓய்வு உண்டு. ஆனால் பகல் வெளிச்சத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்க்கும் நாள் வாரத்தில் ஒன்றுமில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் விளையாட்டுப் போட்டியிலும் சில பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எப்பொழுதும் தாய் மட்டுமே நிற்பதற்கும், சில பிள்ளைகளுக்குப் பக்கத்தில் யாருமே நில்லாததற்கும் காரணம் பெற்றோரின் அக்கறையின்மை என்று நாம் முடிவுகட்டிவிடலாகாது. பல வேளைகளில் அவர்களுடைய ஓய்வுநாள் வேறாக இருப்பதே காரணம்.

கூடியிருக்கும் ஓய்வின் அருமையை உலகம் ஒருமுறை பெரிய அளவில் சோதித்துப் பார்த்ததுண்டு. 1929ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் ஆலைகளின் இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கலாகாது என்று கருதி, ஏழு நாள் வாரத்தைக் கைவிட்டு ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் ஐந்து பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டது. அந்தந்த நிறத்தார் அந்தந்த நாளில் ஓய்வெடுத்தனர். கணக்குப்படி பார்த்தால் தொழிலாளிக்கு ஆதாயமே. ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தது. ஆனால் கணவன் ஒரு நிறம், மனைவி வேறொரு நிறம் என்றானபோது குடும்பம் ஒன்றுகூட வழியில்லாது போயிற்று. நண்பர்கள் சந்திக்க இயலவில்லை. முறையீடுகள் எழுந்தன. 1931ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டு, பொது ஓய்வு நாளையுடைய ஆறு நாள் வாரம் வந்தது. 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பி வந்தன. ஓய்வு நாளின் எண்ணிக்கை கூடியும் மக்கள் நிறைவடையவில்லை என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

முன்னே குறிப்பிட்ட 1957ஆம் ஆண்டு உடன்பாடும் இவ்வுண்மையை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. வார ஓய்வு இயன்றவரை அந்நாட்டு வழக்கப்படி ஓய்வுநாளாகக் கருதப்படும் நாளோடு பொருந்தியிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஊர் ஓயும் நாளில் தொழிலாளியும் ஓயவேண்டும் என்பதே அதன் கருத்து.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஞாயிறு நம் சமயத்தில் புனித ஓய்வுநாளாகக் கொள்ளப்பட்டதன்று. அதை ஏன் நாம் தூக்கிப் பிடிக்கவேண்டும்? கி.பி. 321ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நகரமக்களுக்கு ஞாயிறு ஓய்வை ஆணையிட்டான். உழவர்க்கு அன்றும் வேலை செய்ய விலக்களித்தான். பின்னர் ஐரோப்பியர் ஆட்சியோடு அந்த ஓய்வுநாள் நம்மிடம் வந்து சேர்ந்தது. பழந்தமிழ் நகரங்களிலோ பகலங்காடியும் இரவங்காடியும் இருந்தன என்று மதுரைக்காஞ்சி காட்டுகிறது. நம் முன்னோர் விழாக்களையும் நோன்பு நாள்களையும் ஒட்டியே ஓய்ந்தனர்.

இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் எந்த நாள் என்பதில் பொருள் இல்லை. எல்லார்க்கும் ஒரு நாள் என்பதில்தான் பொருள் உள்ளது. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. கெடாவிலுள்ள தமிழ்ப்பள்ளி மாணவன் ஞாயிறன்று புத்தகப்பை சுமந்து பள்ளிக்குச் செல்கிறான். சுங்கைப் பட்டாணியில் ஞாயிறன்று கடை திறப்பது ஒரு கேள்வியே ஆகாது. அங்கே இக்கேள்வி வெள்ளிக்கு உரியது. ஜொகூர் மாநிலம் 2014 முதல் 2024 முடிய வெள்ளி, சனியைக் கடைப்பிடித்து, 2025 சனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறியது. அம்மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று நம் ஆய்வுக்கு உரியது. சிங்கப்பூரிலோ தனியார் நிறுவனங்களிலோ வேலை செய்யும் பெற்றோருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் விடுமுறை வாய்க்கவேண்டும் என்பதே அது. நாளின் பெயர் மாறலாம்; தேவை மாறுவதில்லை.

பிறநாட்டார் இச்சிக்கலை எவ்வாறு தீர்க்க முயன்றனர் என்பதையும் அறிவது நலம். செருமனியில் ஞாயிற்றின் ஓய்வு 1919ஆம் ஆண்டு அரசமைப்பில் இடம்பெற்று, 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. கிறித்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2009 திசம்பர் 1ஆம் நாள் அதனை ஏற்கவில்லை. கடைக்காரரின் விற்பனை ஆர்வமும், மக்களின் அன்றாடப் பொருள் வாங்கும் ஆர்வமும் மட்டுமே ஞாயிற்றின் ஓய்வைக் குலைக்கப் போதுமானவை அல்ல என்பது அதன் கருத்து.

இங்கிலாந்தும் வேல்சும் வேறு வழியில் சென்றன. 1986ஆம் ஆண்டில் ஞாயிற்றுக் கடைகளுக்கு இருந்த தடையை அறவே நீக்க முயன்ற மசோதா நாடாளுமன்ற மக்களவையில் தோற்றது. 1994ஆம் ஆண்டில் ஓர் இணக்க வழி சட்டமாயிற்று. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். சிறு கடைகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. கடை ஊழியர்க்கு, ஞாயிற்றுக்கென்றே வேலைக்கு அமர்த்தப்பட்டவர் நீங்கலாக, முறையாக அறிவித்து ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமையும் தரப்பட்டது. பெரியவனின் கையைச் சற்றுக் கட்டிச் சிறியவனுக்கு வழிவிட்டதும், ஊழியனின் வாயை அடைக்காமல் விட்டதும் இச்சட்டத்தில் கவனிக்கத்தக்கவை. நம் நாட்டில் பேரங்காடிகளுக்கு அத்தகைய ஞாயிற்றுக் கட்டு இல்லாததால், சிறு கடைக்காரர் இரட்டைச் சுமை தாங்குகிறார். அவரை மட்டும் மூடச் சொல்வது நேர்மையாகாது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வணிகரைப் பற்றியும் பேசுகிறார். பிறருடைய உடைமையைத் தம்முடையது போலவே மதித்து நடத்தல் வணிகர்க்கு அறம் என்பது அவர் காட்டும் நெறி. உடைமை என்பதை நாம் பணமாகவும் சரக்காகவும் மட்டுமே பொருள் கொள்கிறோம். கூலிக்கு உழைப்பவனிடம் உள்ள பெரிய உடைமை அவனுடைய நேரமே. தன் பிள்ளையோடு ஒரு ஞாயிறு இருக்கவேண்டும் என்று முதலாளி விரும்புவாரானால், அதே ஞாயிறு தம் ஊழியனுக்கும் பிள்ளை உள்ள நாள்தான் என்பதை நினைத்துப் பார்ப்பதே நடுவு நிலைமை.

இந்நெறியின்படி என் முடிவு இது. சிறு பட்டணத்துக் கடைகள் ஞாயிறன்று காலையில் திறக்கலாம். பிற்பகல் ஒரு மணிக்கு மூடவேண்டும். நகரத்திலிருந்து வந்த பிள்ளைகள் பெற்றோரோடு கடைக்கு வருவதற்கு அவ்வேளை போதும். ஞாயிறு காலையில் வேலை செய்த ஊழியருக்கு வேறொரு முழு நாள் ஓய்வு தவறாது தரப்பட வேண்டும். அத்தோடு மாதத்தில் இரண்டு ஞாயிறேனும் முழுமையாக அவருக்கு விடப்பட வேண்டும். இதை முறை வைத்துச் செய்யலாம். இருவர் உள்ள கடையிலும் முறை வைக்க முடியும். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர்க்கு முதல் உரிமை கொடுப்பது சாலச் சிறந்தது. ஊழியர் எவருமின்றிக் கணவனும் மனைவியும் மட்டுமே நடத்தும் கடைகளை எந்தச் சட்டமும் ஓயச் சொல்வதில்லை. அவர்கள் ஓயவேண்டுமானால் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் மூடவேண்டும். பக்கத்துக் கடை திறந்திருக்கும்போது தன் கடையை மூட எவருக்கும் துணிவு வராது. ஆதலால் இம்முடிவைத் தனித்தனியாக எடுக்காமல் கடைக்காரர்கள் ஒன்றுகூடி எடுக்கவேண்டும்.

அரை நாள் திறப்பது இருபுறமும் பயனற்ற வழி என்று சிலர் கூறக்கூடும். மாலை வாணிகம் போய்விடுகிறது, காலை ஓய்வும் போய்விடுகிறது என்பார்கள். அது உண்மைதான், இரு பக்கமும் ஒன்றை இழக்கின்றன. ஆனால் முழு நாளும் திறந்தால் இழப்பு முழுவதும் ஊழியனின் தலையில் விழுகிறது. முழு நாளும் மூடினால் அது கடையின் தலையில் விழுந்து, பின்னர் ஊழியனையும் சேர்த்து அழுத்துகிறது. சுமையைப் பகிர்ந்துகொள்வதைக் குறையாகக் கருதலாகாது.

இறுதியாக, இவ்விவாதத்தில் யாரும் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். அவர் பொருள் வாங்குபவர், அதாவது நாம். ஞாயிறன்று கடை மூடியிருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், சனிக்கிழமை திறந்திருந்த அதே கடையைக் கடந்து எத்தனை முறை பேரங்காடிக்குச் சென்றிருக்கிறோம்? சில வெள்ளி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாரம் முழுவதும் வெளியே வாங்கிவிட்டு, திடீரென உப்போ தீப்பெட்டியோ தீர்ந்துபோன ஞாயிறு மாலையில் மட்டும் உள்ளூர்க் கடை திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அரசாங்க அலுவலகங்கள் 2005 சூலை முதல் வாரத்திற்கு ஐந்து நாளே இயங்குகின்றன. ஆசிரியர்களாகிய நமக்கும் வாரத்தில் இரு நாள் விடுமுறை உண்டு. ஆறு நாள் உழைப்பவரிடம் ஏழாவது நாளையும் கேட்பதற்குமுன், நம் இரு நாள்களில் ஒன்றான சனிக்கிழமையன்று நம் தேவைகளை வாங்கி முடித்தால் என்ன?

மாணவர்களிடம் இக்கேள்வியை வைக்கும் ஆசிரியர்கள், திறக்கலாமா மூடலாமா என்று மட்டும் கேட்காமல், கதவு திறந்திருக்கும்போது உள்ளே நிற்பவர் யார், அவருக்காக வீட்டில் காத்திருப்பவர் யார் என்றும் கேட்கச் சொல்லவேண்டும். அவ்விரு கேள்விகளுக்கும் மனமறிய விடை கூறக்கூடிய கடை ஞாயிறன்று காலையில் திறந்திருக்கட்டும். நாமும் அங்கே சென்று வாங்குவோம். ஒரு மணி அடித்ததும் கடைக்காரரை வீட்டுக்குப் போகவிடுவோம்.